முகம் பார்க்காத மன்னிப்பு

ஆட்டையாம்பட்டியில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரரும் நானும் இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்கிறோம். அவர் அரபு நாட்டில் லாரி ஓட்டியவர். ஏன் திரும்பிவிட்டீர்கள் என்று சும்மாதான் கேட்கிறேன். சண்டையில் அவர் தள்ளிவிட்ட ஒருவன் தலையில் அடிபட்டுச் செத்துப்போனானாம். ஊர் பார்க்க இவர் தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பாம்.

"சுத்தியும் சனமுங்க. கண்ணைக் கட்டி மண்டி போட வெச்சுட்டாங்க. தரை கொதிக்குது. சாகப்போற நேரத்துலயும் முட்டி சுடுதேன்னு நகத்தி நகத்தி வெச்சேனுங்க."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்கிறேன்.

"செத்தவனோட அப்பா கூட்டத்துல இருந்து என்னமோ கத்துனாருங்க. வெட்டச் சொல்றாருன்னு கழுத்தைக் குனிஞ்சேன். மன்னிச்சு உட்டுட்டாருன்னு அப்புறந்தான் சொன்னாங்க. அங்க செத்தவன் ஊட்டுல மன்னிச்சா உசுரோட உட்டுருவாங்களாமுங்க."

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"கண்ணுக்கட்டை அவுக்கறதுக்குள்ள போயிட்டாருங்க. மொகத்தைக்கூடப் பாக்கலீங்க."

டயர் மாட்டியாகிவிட்டது. பஸ் கிளம்பியதும் அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போகிறார். கழுத்தோரம் ஒரு நரம்பு மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கிறது. சேலம் வரும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.