பெட்டிக்கு வைத்த பொட்டு

பொறியியல் கடைசி வருடத்தில் நானும் என் அறைத்தோழனும் செய்த புராஜெக்ட், இடிபாடுகளில் சிக்கியவர்களைக் கண்டுபிடிக்கும் கருவி. சோப்பு டப்பா அளவில் ஐந்து பெட்டிகள். சத்தம் வரும்வரை தூங்கும். சத்தம் கேட்டால் விழித்து, கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று தகவல் கடத்தி, லேப்டாப்பில் சிவப்புப் புள்ளி காட்டும். தூங்குவதால் பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். தூக்க விஷயத்தில் அவை எங்களைக் கொண்டு பிறந்தவை. கருவி செய்தது அவன். அதைப் புகழ்ந்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை.

ஆயுத பூஜையன்று நானும் ஏதாவது செய்வோமே என்று ஐந்தையும் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்ன ஓட்டை, பொட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.

மறுவாரம் பொம்மிடிப் பக்கம் செய்முறைத் தேர்வு. தோழனின் சித்தப்பா வீட்டைச் சாலை அகலப்படுத்த இடித்துப்போட்டிருந்தார்கள். அந்தக் குவியலைச் சுற்றிப் பெட்டிகளை வைத்துவிட்டு, உள்ளே நான் படுக்க வேண்டும். பேராசிரியர் வந்திருந்தார்.

"நான் என்ன கத்துனாலும் மெஷின் சொல்லாம என்னைத் தூக்காத. அப்புறம் சார் ஏமாத்துன்னு சொல்லிடுவாரு" என்று தோழனிடம் கறாராகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

இரண்டே நிமிடத்தில் ஒரு சுவர்த்துண்டு சரிந்து என் காலில் உட்கார்ந்தது. நுழைந்த வழியும் அடைத்துக்கொண்டது.

"டேய், காலு மாட்டிக்கிச்சு! நெசமாத்தான்டா!"

"எப்படி நடிக்கிறான் பாருங்க சார்" என்று வெளியே அவன் பெருமைப்பட்டான்.

"புள்ளியே வரலையேப்பா?" இது பேராசிரியர்.

"வந்துருங்க சார். டேய், இன்னும் சத்தமா கத்துடா!"

கத்தினேன். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். வாய்க்குள் மண் போனபோதுதான் உண்மையான பயம் வந்தது. சாகப்போகிறேன், அதுவும் மதிப்பெண்ணுக்காக என்று நினைத்ததும் அழுகை வந்து குரல் அடைத்துவிட்டது.

சத்தம் நின்றதும் அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். லேப்டாப் கீழே விழும் சத்தம் கேட்டது. வெறுங்கையால் செங்கற்களைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தான். பேராசிரியரும் முழுக்கைச் சட்டையோடு சேர்ந்துகொண்டார்.

கால் சுளுக்கோடு தப்பியது. பெட்டிகள் ஒருமுறைகூட விழிக்கவில்லை. பேட்டரி அப்படியே முழுதாக இருந்ததால் மின்சிக்கனத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைத்தது.

தோழன் ஒரு பெட்டியை எடுத்து ஓட்டையிலிருந்த காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினான். "மைக்க எந்த மடையன்டா அடைச்சான்?"

அவன் விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்டா" என்றேன்.