பி ஃபாரத்தில் இரண்டாவது பேர்

எலெக்ஷன் செக்ஷன்ல மூணு மணின்னா மூணு மணிதான். ரெண்டு ஐம்பத்தொன்பதுக்கு உள்ள வந்தவர் வேட்பாளர். மூணு ஒண்ணுக்கு வந்தவர் வேடிக்கை பார்க்க வந்தவர். சித்தூர் பக்கத்துல டெபுடி தாசில்தாரா இருந்து ரிடையர் ஆனவ நான். இப்பவும் செக்ஷனுக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க போன் பண்ணி, "மேடம், கேண்டிடேட் பாதியில கழண்டுக்கினா கட்சி வேற ஆளைப் போடலாமா?"ன்னு கேக்குறாங்க. ஹேண்ட்புக்கைப் படிங்கடான்னா படிக்கிறதில்ல. நடந்ததைச் சொன்னாலாவது மண்டையில ஏறுதான்னு பாக்குறேன். தொகுதி பேரை மட்டும் கேக்காதீங்க.

1. ஒரு கையெழுத்தும் பத்து கையெழுத்தும்

கட்சி வேட்பாளர்னா பி ஃபாரம் வேணும், இவருக்குத்தான் எங்க சின்னம்னு கட்சி எழுதிக் குடுக்கிற தாள். அதுல ரெண்டு பேர் எழுத இடம் உண்டு. மேல இருக்கிறவர் கட்சியோட ஆள், கீழ இருக்கிறவர் பதிலி. மேல உள்ளவர் மனு தள்ளுபடி ஆனாலோ, அவரே வாபஸ் வாங்கினாலோ, சின்னம் கீழ உள்ளவருக்குப் போகும். அந்த ஃபாரம் நாமினேஷன் கடைசி நாள் மூணு மணிக்குள்ள, இங்க் கையெழுத்து போட்ட ஒரிஜினலா வந்து சேரணும். அதுக்கப்புறம் யார் தலைகீழா நின்னாலும் பேரை மாத்த முடியாது. கேண்டிடேட் செத்துப்போனா அது தனி ரூல். அது இங்க வேணாம்.

கீழ இருக்கிற பேருக்கு எங்க பக்கம் 'டம்மி'ன்னுதான் சொல்லுவாங்க. பெரும்பாலும் வீட்டுக்காரம்மா, இல்லாட்டி தம்பி. அந்தத் தடவை ஒரு பெரிய கட்சிக்கு மாங்கூழ் ஃபேக்டரி ஓனர் ஒருத்தர் வேட்பாளர். அவர் வீட்டம்மாவுக்கு வெயில் ஒத்துக்காதாம். அதனால டம்மிக்கு சுகுணாவைக் கூட்டிக்கினு வந்தாங்க. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, வேற என்ன?

சுகுணா பிறந்தது கங்காதர நெல்லூர், வாக்கப்பட்டது எங்க தொகுதி. ரெண்டு மாடு வச்சிக்கினு சொசைட்டிக்குப் பால் ஊத்துறவங்க. கட்சிக்குக் கொடி கட்டினது, வீடு வீடா சீட்டு குடுத்தது எல்லாம் அவங்கதான். அதுக்கு முன்ன ரெண்டு எலெக்ஷன்லயும் அவங்கதான் டம்மி. பேப்பர் வேலை எல்லாம் சேகர்னு ஒரு ஆளு பார்ப்பார். ஃபேக்டரி ஓனரோட எலெக்ஷன் ஏஜென்ட், கக்கத்துல எப்பவும் ஒரு ஃபைல். சுகுணாவுக்கும் தன்னையே ஏஜென்டா போட்டு எழுதி வாங்கியிருந்தார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ரெண்டு பேர் மனுவும் வந்துச்சு. பெரிய கட்சின்னா ஒரு ப்ரொபோசர், அதாவது முன்மொழியிறவர், கையெழுத்து போதும். சுயேச்சைக்குத்தான் பத்து. சுகுணா மனுவுலயும் ஒண்ணுதான் இருந்துச்சு. ரசீது வாங்கிக்கினு போனவங்க திரும்பி வந்து என் மேசை முன்ன நின்னாங்க.

"மேடம், போன ரெண்டு தடவையும் பரிசீலனை அன்னிக்கே என் மனுவைத் தள்ளிட்டீங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ஹெல்ப் டெஸ்க்ல உக்காந்தா கேக்கிறதுக்குப் பதில் சொல்லணும். சொன்னேன். "தப்பு இல்லம்மா. மேல இருக்கிறவர் மனு ஓகே ஆயிட்டா, ஒரே ப்ரொபோசரோட வந்த பதிலி மனு நிக்காது. அவர் அப்புறம் வாபஸ் வாங்கினா கட்சிக்கு ஆளே இருக்காது. பத்து பேர் கையெழுத்தோட இன்னொரு செட் குடுத்தா உங்க மனு நிக்கும். ஒரு ஆள் நாலு செட் வரைக்கும் குடுக்கலாம்."

சேகர் சிரிச்சார். "எதுக்கு மேடம் இவங்களுக்கு ஆசை காட்டுறீங்க? அண்ணன் வாபஸ் வாங்குற ஆளா?"

சுகுணா சிரிக்கல. மறுநாள் ரெண்டு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ ஜனத்தைக் கூட்டிக்கினு வந்து நின்னாங்க.

2. பத்தாவது ஆளுக்கு ஓட்டு காட்பாடியில

இந்தப் பக்கத்து ஜனங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. பொண்ணு எடுக்கிறது வேலூர்ல, குடுக்கிறது திருத்தணியில. வீடு ஆந்திரா, ஓட்டு தமிழ்நாடு. ரேஷனுக்கு இங்க, ஓட்டுக்கு அங்க. கேட்டா, "எல்லாம் நம்ம ஊருதானே"ம்பாங்க. எலெக்டோரல் ரோலுக்கு, அதான் வாக்காளர் பட்டியலுக்கு, அப்படியெல்லாம் பெருந்தன்மை கிடையாது.

ப்ரொபோசர் பத்து பேருக்கும் இந்தத் தொகுதியிலேயே ஓட்டு இருக்கணும். ஒன்பது பேர் சரியா இருந்துச்சு. பத்தாவது சுகுணாவோட ஓரகத்தி. பேரைத் தேடினா இல்லவே இல்ல. அட்டையை வாங்கிப் பார்த்தா காட்பாடி.

"அய்யோ மேடம், நான் இங்கதான் இருக்கேன், பதினோரு வருசமா இங்கதான் துன்னுக்கினு தூங்கிக்கினு இருக்கேன்!"ன்னு அந்தம்மா அழாத குறை.

மணி ரெண்டு இருபத்தைந்து. ஒன்பது கையெழுத்தும் ஒண்ணுதான், ஒண்ணுமே இல்லாததும் ஒண்ணுதான். சுகுணா வெளிய ஓடினாங்க. கேட்டுக்கு வெளிய கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் நின்னுக்கினு இருந்தார். அவர் சட்டைப் பையில ஓட்டர் அட்டை, ரோல்ல பேர், எல்லாம் சரி. கையெழுத்து போடத் தெரியாது. ரேகை வைக்கிறவங்க ஆர்.ஓ. எதிர்ல வைக்கணும். ஆர்.ஓ.ன்னா ரிட்டர்னிங் ஆபீசர், எங்க சார், கடப்பா பக்கத்துக்காரர். ஜூஸ்காரர் விரல்ல கரும்புப் பிசுக்கு. நான் குழாயடிக்குக் கூட்டிக்கினு போய்க் கழுவ வச்சேன். ரெண்டு ஐம்பதுக்கு மனு உள்ள போச்சு.

பரிசீலனை அன்னிக்கு ஃபேக்டரி ஓனர் மனு ஓகே. சுகுணாவோட ஒரு கையெழுத்து மனு தள்ளுபடி, பத்து கையெழுத்து மனு ஓகே. சேகர் முகம் கொஞ்சம் மாறிச்சு. அன்னிக்கு எனக்கு அது உறைக்கல.

3. வாபஸ் நாள்

வாபஸ் கடைசி நாள், மதியம் ஒன்றரை. ஃபேக்டரி ஓனர் தானே வந்து வாபஸ் ஃபாரத்தை நீட்டினார். முகத்துல ஒரு கூச்சமும் இல்ல. ஏன்னு கேக்கிறது எங்க வேலை இல்ல. ஊரே ஏதேதோ பேசிச்சு, அதை நான் எழுதப் போறதில்ல. குடுத்த வாபஸைத் திரும்ப வாங்க முடியாது. சார் கையெழுத்து போட்டார், முடிஞ்சுது.

அப்ப சேகர் ஃபைலைத் திறந்து இன்னொரு ஃபாரத்தை எடுத்தார். சுகுணாவோட வாபஸ். கூடவே, "என் சார்பா என் ஏஜென்ட் குடுப்பார்"னு ஒரு லெட்டர்.

ரெண்டும் உள்ள போச்சுன்னா அந்தக் கட்சிக்கு இந்தத் தொகுதியில சின்னமே கிடையாது. எதிர் ஆள் படுத்துக்கினே ஜெயிப்பார். சுகுணா ஓடின ஓட்டம் எல்லாம் மண்ணு.

கையெழுத்தை மனுவோட ஒத்துப் பார்த்தேன். அவங்க கையெழுத்துதான், சந்தேகமே இல்ல. ஆனா தேதியும் மேட்டரும் வேற கை, வேற இங்க். அப்பத்தான் புரிஞ்சுது. டம்மி மனு போடுற அன்னிக்கே வெத்து வாபஸ் ஃபாரத்துலயும் ஒரு கையெழுத்து வாங்கி வச்சிக்கிறது பழக்கம். வேணும்போது தேதி போட்டுக் குடுத்துடலாம். வேலியே பயிரை மேய்ஞ்ச கதை.

சார், "சந்தகம் டாலி அயிந்தி கதம்மா"ன்னார். கையெழுத்துதான் ஒத்துப் போகுதே, வாங்கிக்கலாம்ங்கிற அர்த்தத்துல.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஆபீசரை எதிர்த்துப் பேசினது ரெண்டே தடவை. அதுல ஒண்ணு இது. "சார், ரூல்ல கையெழுத்து நிஜமான்னு கேக்கல. நோட்டீஸ் நிஜமான்னு உங்களுக்குத் திருப்தி வரணும்னு இருக்கு. தேதி வேற கை. அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

சேகர் எகிறினார். "நான் ஏஜென்ட். லெட்டர் இருக்குது. நீங்க யாரும்மா நடுவுல?"

சார் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். சுகுணா பால் சென்டர்ல இருந்தாங்க. "வாபஸா? எனக்குத் தெரியாது சார்!"ன்னு கத்தினது என் சீட் வரைக்கும் கேட்டுச்சு. போன் குரலை நம்பி முடிவு எடுக்க முடியாது, நேர்ல வரணும்னார் சார். இருபத்திரெண்டு கிலோமீட்டர்.

ரெண்டே முக்காலுக்கு மகன் பைக்ல வந்து இறங்கினாங்க. புடவையெல்லாம் புழுதி, கையில பால் வாசனை. சார் ஃபாரத்தைக் காட்டி, "இதி மீ சந்தகமேனா?"ன்னார், உங்க கையெழுத்துதானான்னு.

சுகுணா குனிஞ்சு பார்த்தாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க பக்கம் சுலபம். ஆனா பொய்.

"என்னுதுதான் சார்."

சேகர், "அவ்வளவுதான், பாத்துக்கோங்க"ன்னார்.

"இரு நைனா, முடிக்கல"ன்னாங்க சுகுணா. "போட்டது நான்தான் சார். வெத்துப் பேப்பர்ல போட்டேன். குடுக்கச் சொன்னது நான் இல்ல. நான் நிக்கிறேன்."

சார் அதை அப்படியே ஸ்டேட்மென்டா எழுதி வாங்கினார். வாபஸ் ஏத்துக்கலன்னு ஃபாரத்து மேலயே எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத் திருப்பதியிலிருந்து கட்சிப் பெரியவங்க ரெண்டு கார்ல வந்து இறங்கினாங்க. கையில புது பி ஃபாரம், அதுல வேற ஒரு பெரிய மனுஷன் பேர். "இங்க் கையெழுத்து, ஒரிஜினல், டைம் இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு"ன்னாங்க.

"குதரதண்டி"ன்னார் சார். முடியாதுன்னு. "இந்த மூணு மணி வாபஸுக்கு. பி ஃபாரத்துக்கான மூணு மணி நாமினேஷன் கடைசி நாளே முடிஞ்சுது. உங்க பழைய ஃபாரத்துல ரெண்டாவதா யார் பேர் இருக்கோ, அவங்கதான்."

"யாரது?"

சார் கையைக் காட்டினார். சுவரோரமா நின்னுக்கினு இருந்த சுகுணாவை அவங்க முதல் தடவையா திரும்பிப் பார்த்தாங்க. பத்து பதினஞ்சு வருசமா அவங்க கூட்டத்துக்கெல்லாம் ஆள் சேர்த்த பொம்பளை. ஒருத்தருக்கும் பேர் தெரியல. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

4. பென்சில்

ஜெயிச்சாங்களான்னு கேப்பீங்க. இல்ல. ஆனா எதிர் ஆள் படுத்துக்கினு ஜெயிக்கல, கடைசி ரவுண்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் உக்காராம நின்னுக்கினே இருந்தார்.

சின்னம் ஒதுக்கின அன்னிக்கு, "ஏம்மா, வெத்துப் பேப்பர்ல எப்படிம்மா கையெழுத்து போட்டீங்க?"ன்னு அவங்களைத் திட்டினேன்.

"மூணு தடவையும் போட்டேன் மேடம். நீ டம்மிதானேன்னாங்க. நானும் அதையே நம்பிக்கினு இருந்தேன்."

பிள்ளைங்களே, ரூல் புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடுங்க. டம்மின்னு ஒரு ஆள் அதுல இல்ல. பேர் எழுதின யாரும் எந்த நேரமும் முன்னால வரலாம்னுதான் அந்த ரெண்டாவது கட்டம் இருக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களை ஊர் என்ன பேர் சொல்லி வேணா கூப்பிடட்டும், நீங்க கூப்பிடாதீங்க.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வந்தது அன்னிக்கு சாயங்காலம்தான். எல்லாரும் போனப்புறம் நாமினேஷன் ரிஜிஸ்டரைத் திறந்தேன். மூணு எலெக்ஷனா சுகுணா பேருக்குப் பக்கத்துல, எனக்கு அடையாளத்துக்காக, பென்சில்ல 'டம்மி'ன்னு எழுதி வச்சிருந்தது நான்தான். ரப்பர் வச்சு அழிச்சேன். பேப்பர்ல தடம் போகல.