கமருன்னிசா ஓட்டிப்போன ஹோட்டல் வண்டி

திருச்சியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தபோது கமருன்னிசாவின் வகுப்பில் அவளையும் சேர்த்து இரண்டே பெண்கள். கல்யாணமாகி நசுருதீனோடு அமெரிக்கா வந்து இறங்கியபோது கிடைத்த விசாவில் அவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. முதலில் இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்ட், பிறகு கலிஃபோர்னியாவில் லிவர்மோர். கிரீன் கார்டு வர ஒன்பது வருடம் ஆனது. அந்த ஒன்பது வருடமும் அவள் வீட்டுக் காரின் எண்ணெயை மாற்றினாள், பிரேக்கைக் கழற்றிப் பூட்டினாள், அக்கம்பக்கத்தார் கார்களையும் பார்த்துக் கொடுத்தாள். கார்டு வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் வகுப்பில் சேர்ந்தாள். கிரீஸ் படிந்த விரலோடு வீட்டுக்கு வருகிற நாளில் அவளுக்குச் சோறு நன்றாக இறங்கும்.

கிட்டுசாமி குடும்ப நண்பர். பல்லடத்துக்காரர். ஃப்ரீவே ஓரத்தில் மூன்று மோட்டல் வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால், லிவர்மோருக்குத் தெற்கே மலை மடிப்பில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வெந்நீரூற்று ஹோட்டலை வாங்கினார். நூறு வருடத்துக்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விடுமுறைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்க, ஹோட்டலின் சொந்த மோட்டார் வண்டி நிலையத்துக்கே போய் அவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுமாம்.

"அந்த மாதிரி வண்டி ஒண்ணு கெடச்சா போதுமுங்க அம்மிணி," என்றார் ஒரு நாள், நசுருதீன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே. "ஹோட்டலே தானா ஓடும்."

கிடைத்தது. தேடிக் கண்டுபிடித்தவள் கமருன்னிசா. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில், கோழிகள் அடைந்து கிடந்த கொட்டகையில் நின்றது அது. 1923ஆம் வருடத்து வண்டி. கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு கித்தான் மட்டும். நான்கு வரிசை இருக்கை, ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கதவு. டிரைவர் போகப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். பண்ணைக்காரர் கொட்டகை காலியானால் போதும் என்று அவளிடமே கொடுத்துவிட்டார்.

உரிமைப் பத்திரம் தொலைந்து போயிருந்தது. புதிதாக வாங்க, வண்டிகள் பதிவாகும் அலுவலகத்துக்கு ஐந்து முறை போக வேண்டியிருந்தது. யார் பேரில் பதிவது என்று கிட்டுசாமியிடம் கேட்டாள்.

"உங்க பேர்லயே போட்டுப்போடுங்க. இந்த பேப்பர் வேலைக்கெல்லாம் எனக்கு டைம் இல்லீங்க," என்றார்.

இரண்டு வருடம் நான்கு மாதம் உழைத்தாள். டயரும் கித்தானும் கிட்டுசாமி வாங்கிக் கொடுத்தது. மற்றதெல்லாம் அவள் கை. உடைந்த பல்சக்கரத்துக்கு வரைபடம் போட்டு வார்ப்பித்தாள். பின் அச்சை மூன்று தடவை பிரித்தாள். லைப்ரரியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் படித்தாள். அந்தக் காலத்தில் ஹோட்டல்காரர்கள் ரயில் நிலையத்தில் ஆள் நிறுத்தி, அடுத்த ஹோட்டலுக்கு வந்த பயணியின் பெட்டியைப் பிடுங்கித் தங்கள் வண்டியில் ஏற்றுவார்களாம். பெண்கள் தொப்பி பறக்காமலிருக்க முகத்திரையால் தாடையோடு கட்டிக்கொள்வார்களாம். புழுதிக்கு வெள்ளைக் கோட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது நசுருதீன் தலையாட்டினான். கிட்டுசாமி போனில் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம் ஹோட்டலை முன்கூட்டிப் பார்க்க நாற்பது பேரை அழைத்திருந்தார் கிட்டுசாமி. மலையடிவாரத்தில் ஸ்பாட்லைட் போட்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆள், விளம்பரங்களில் நடிப்பவனாம். பயணப் பத்திரிகையிலிருந்து வந்த பெண் கேட்டாள், வண்டியைப் புதுப்பித்தது யார் என்று.

"சாக்ரமெண்டோவில் இருக்கும் எங்கள் ஹெரிட்டேஜ் குழு," என்றார் கிட்டுசாமி ஆங்கிலத்தில், கொஞ்சமும் தடுமாறாமல்.

கமருன்னிசா இரண்டடி தள்ளி நின்றாள். அப்படி ஒரு குழு கிடையாது. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள். போட்டோகிராஃபர் கேமராவைத் தூக்கியதும் கிட்டுசாமி அவள் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மிணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னுக்கோங்க. போட்டோவுல பழைய காலம் தெரியோணும். அப்படியே உள்ள டீ ரெடியான்னு பாத்துட்டு வந்துருங்க."

அவள் போனாள். உள்ளே போய் டீ ரெடியா என்று பார்த்தாள். ரெடி என்று திரும்பி வந்து சொல்லவும் செய்தாள். அன்று அவர் சொன்ன வார்த்தையைவிட, அதைக் கேட்டு நடந்த தன் கால்கள்தான் பின்னால் அவளை அதிகம் சுட்டன.

காரில் வரும்போது நசுருதீன், "வேணும்னு சொல்லியிருக்க மாட்டாரு கமர். பிசினஸ்ல அப்படித்தான்," என்றான்.

"நீ அவருக்காகப் பேசாத," என்றாள். 

மறுநாளிலிருந்து ஹோட்டல் பக்கம் போவதை நிறுத்தினாள். கிட்டுசாமியும் கூப்பிடவில்லை, வேலைதான் முடிந்துவிட்டதே. திறப்பு விழா மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று அழைப்பு ஈமெயிலில் வந்தது, மற்ற எல்லாருக்கும் வந்ததுபோலவே. நடுவில் பதினோரு வாரம் இருந்தது. அதற்குள் பஸ் அளவு வண்டியில் ஆளேற்றி ஓட்டும் லைசென்ஸுக்குப் படித்து, டெஸ்ட் கொடுத்து வாங்கினாள். தன் பேரில் இன்ஷூரன்ஸ் எடுத்தாள். பிறகு ஜலஜாவைப் போய்ப் பார்த்தாள்.

ஜலஜா அதே மலைச் சாலையில் எட்டு அறை கொண்ட ஒரு விடுதியை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். அதை விற்றுவிடச் சொல்லி கிட்டுசாமி இரண்டு வருடமாக அவளை நெருக்கிக்கொண்டிருந்தார். யார் யாரையோ வைத்து இணையத்தில் அவள் விடுதியைப் பற்றி மோசமாக எழுத வைத்ததும் அவர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"பன்னெண்டு பேருக்கு லஞ்ச் பண்ண முடியுமா?" என்று கேட்டாள் கமருன்னிசா. விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

ஜலஜா பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அப்பளம் பொரிக்கணுமா, வேணாமா?" என்றாள்.

கமருன்னிசா வண்டியில் கை வைக்கவில்லை. ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அந்தக் காலத்து வண்டியில் பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்குத் தர ஒரு சின்ன டாங்க் உண்டு. சில வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் அது வறண்டுபோகும். மூடியைத் திறந்து ஒரு கப் பெட்ரோல் ஊற்றினால்தான் உயிர் வரும். அது அந்த நடிகனுக்குத் தெரியாது. கிட்டுசாமிக்கும் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே, தானே தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டு, தலைத்துணியை இறுக்கி ஊசி குத்திக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தாள். காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் ரிதா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "உம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கேன்."

பத்து மணி பத்து நிமிடத்துக்கு போன் அடித்தது. நான்கு முறை அடிக்க விட்டுவிட்டு எடுத்தாள்.

"அம்மிணி, வண்டி ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. ஆளுக எல்லாம் ஸ்டேஷன்ல வந்து நிக்கறாங்க. என்ன பண்ணோணும்னு போன்லயே சொல்லிருங்க."

"போன்ல சொன்னா புரியாதுண்ணே. நான் வர்றேன்."

"தெய்வமுங்க நீங்க."

ஊருக்குள் இருக்கும் பழைய ரயில் நிலையத்தின் முன்னால், லாரியில் ஏற்றிவந்து இறக்கிய வண்டி நின்றது. பயணிகள் பதினொரு பேர், வாடகைக்கு வந்த கோட்டும் கண்ணாடியுமாக, வெயிலில் முகம் சுளித்துக்கொண்டு நின்றார்கள். பத்திரிகைப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அவர்களுடைய பெட்டிகள் ஏற்கெனவே வேனில் ஹோட்டலுக்குப் போயிருந்தன. அங்கே பேண்டு வாத்தியம், மதிய விருந்து, மாவட்ட அதிகாரிகள் எல்லாம் காத்திருந்தார்கள். நடிகன் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிச் சட்டை நனைந்து நின்றான்.

அவள் டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றினாள். கைப்பிடியை இரண்டே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பயணிகள் கைதட்டினார்கள், கிட்டுசாமியும் தட்டினார். எல்லாரும் ஏறி உட்காரும் வரை பொறுத்திருந்து, அவள் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

பயணிகளைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். இந்த வண்டி என்னுடையது, இதைப் புதுப்பித்தவளும் நான்தான், இதோ பத்திரம். இன்று மதியம் நான் போவது வேறொரு விடுதிக்கு. சாப்பாடு எங்கள் விருந்து. சாயங்காலம் உங்களை உங்கள் ஹோட்டல் வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். விருப்பமில்லாதவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

ஒரு வயதான தம்பதி இறங்கினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இதுவும் நிகழ்ச்சியில் உண்டா?" என்று யாரோ கேட்டார்கள். பத்திரிகைப் பெண் நோட்டைத் திறந்துகொண்டு முன் வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள்.

கிட்டுசாமி முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். பிறகு வந்து கதவைப் பிடித்தார். "அம்மிணி, எல்லாரும் பாக்கறாங்க. எதா இருந்தாலும் அப்பறம் பேசிக்கலாம். எறங்குங்க."

இந்த இடத்துக்காக அவள் பதினோரு வாரம் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். ‘கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னுக்கோங்க’ என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதே சிரிப்போடு. 

"கைய எடுங்க," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவர் எடுக்கவில்லை. அவள் கியரைப் போட்டாள். வண்டி நகர்ந்தது. நாலடி கூடவே நடந்து, பிறகு கையை எடுத்தார்.

ஜலஜாவின் விடுதியில் ஒன்பது பேரும் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்கினார்கள். மலைமேல் பேண்டுக்காரர்கள், பயணிகளுக்குப் போட்டிருந்த காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசித்ததாகப் பிறகு தெரிந்தது. மூன்று வாரம் கழித்து வந்த பத்திரிகையில், எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்து நிற்கும் கமருன்னிசாவின் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது.

போலீஸ் வந்து பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. வக்கீல் நோட்டீஸ் வந்தது: டயரும் கித்தானும் கிட்டுசாமியுடையவை.  வேறு டயர் வாங்கிப் பூட்டினாள். பழையதைக் கழுவித் துடைத்து, பிக்கப்பில் ஏற்றிப்போய், விருந்தினர் காபி குடிக்கும் நேரம் பார்த்து, அவருடைய ரிசப்ஷன் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே கித்தானை மடித்து வைத்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதம் கிட்டுசாமி வீட்டுக்கே வந்தார். தட்டில் பழமும் ஸ்வீட்டும் இருந்தன. தவறு நடந்துவிட்டது என்றார். ஹோட்டல் வரவேற்பறையில் அவள் பேரைப் பித்தளையில் பொறித்து வைப்பதாகச் சொன்னார். வண்டிக்கு அவளே பொறுப்பாளராக இருக்கலாம் என்றார். பேசும்போது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்குள் ஒன்றும் இளகவில்லை.

நசுருதீன் தண்ணீர் கொண்டுவர எழுந்தான்.

"உக்காரு," என்றாள் அவள். கிட்டுசாமி வந்ததிலிருந்து போகும் வரை அந்த வீட்டில் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வருபவர்கள் யாருக்கும் அதுவரை அப்படி நடந்ததில்லை.

"பேசிட்டீங்களா?" என்று கேட்டாள். "சரி. ஸ்வீட்ட எடுத்துட்டுப் போங்கண்ணே."

அதற்குப் பிறகு நசுருதீன் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. தமிழ்ச் சங்கத்தில் இரண்டு கட்சி ஆனது. பெருநாள் விருந்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களின் பேரை அவள் மறக்கவில்லை.

இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் நிலையத்திலிருந்து ஜலஜாவின் விடுதிக்கு ஆள் ஏற்றிப் போகிறாள். விடுதி நிறைந்திருக்கிறது, ஜலஜா விற்கப் போவதில்லை. அங்கே போக நல்ல குறுக்குச் சாலை ஒன்று உண்டு. அவள் அதில் போவதில்லை. நாலு மைல் சுற்றி, வெந்நீரூற்று ஹோட்டலின் வாசல் வழியாகத்தான் போகிறாள். அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்கள் எழுந்து கையசைப்பார்கள். சில பேர் உள்ளே ஓடிப்போய், அந்த வண்டியில் எங்களையும் ஏற்றுவார்களா என்று கேட்பார்களாம். கிட்டுசாமி ஏதோ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிதா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அந்த வாசல் நெருங்கியதும் அம்மா கியரைக் குறைப்பதைப் பார்த்தாள். சாலை அங்கே சமதளம். கியரைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை.

"யூ ஆர் நாட் கோயிங் டு ஸ்டாப், ஆர் யூ?" என்றாள்.

 வராந்தாவில் கதவோரம் கிட்டுசாமி நிற்பது தெரிந்தது. அவராக உள்ளே போகும் வரை அவர் கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று, கமருன்னிசா வண்டியை இன்னும் மெதுவாக்கினாள்.