அரைப்பேர் ஆட்டக்காரி

என் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எழுதுவதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் அவுஸ்திரேலிய ஃபுட்போல் ஆடினேன். மொத்தம் ஒரு புள்ளி எடுத்தேன். அதுவும் பந்தைப் பிழையாக உதைத்ததற்குக் கிடைத்தது.

பெயர் நிரோஷா. யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள். உயரம் ஐந்தடி பத்தங்குலம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கதவு நிலை ஐந்தடி ஏழங்குலம். அந்த மூன்று அங்குலத்தைப் பதினைந்து வயதிலிருந்து என் நெற்றிதான் ஞாபகம் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் குழுப் படங்களில் கடைசி வரிசையில் நிற்பேன்; கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் நான் குனிந்து தேநீர் கொடுக்கும் வரை சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நிமிர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

என் அம்மா இலட்சுமி, தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள், "வளர்றத கொஞ்சம் நிப்பாட்டுடி," என்று உண்மையாகவே கேட்டுக்கொண்டார். நானும் என்னால் முடிந்த அளவு பார்த்தேன்.

படிப்பு முடிந்ததும் கொழும்பில் ஹிஷாம் முதலாளியின் துணிக்கடையில் வேலை கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான். மேல் தட்டு எட்டுமா என்று கேட்டார். எட்டியது. அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டு, கடையிலிருந்த ஏணியைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

அதே கடையில் றஹீமா வேலை செய்தாள். பள்ளிக்கூடத்தில் நெட்போல் ஆடியவள். "ஞாயித்துக்கெழம என்னோட கிரவுண்டுக்கு வா. புதுசா ஒரு வெளையாட்டு. ஒன்னய மாதிரி நெட்டையா ஒரு ஆளத்தான் தேடுறாங்க," என்றாள். நெட்டை என்று சொல்லி என்னை ஒதுக்கியவர்களைத் தெரியும். நெட்டை என்று சொல்லி என்னைத் தேடியவர்கள் அவர்கள்தான். மறுபேச்சுப் பேசாமல் போனேன்.

அந்த விளையாட்டைத்தான் அவுஸ்திரேலிய ஃபுட்போல் என்கிறார்கள். பந்து பப்பாசிப் பழம் மாதிரி இருக்கும். கையால் எறியக்கூடாது, குத்தலாம். காலால் உதைக்கலாம். ஓடலாம், விழலாம், அடுத்தவளின் முதுகில் ஏறலாம். வலை கிடையாது. நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு குட்டை. நடுவால் பந்து போனால் ஆறு புள்ளி. ஓரத்தால் போனாலோ உயரமான கம்பத்தில் பட்டாலோ ஒரு புள்ளி. அதற்கு 'பிஹைண்ட்' என்று பெயர். கம்பத்தடியில் நிற்கும் நடுவர், ஆறுக்கு இரண்டு விரலும் ஒன்றுக்கு ஒரு விரலும் காட்டுவார்.

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே போடுவார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு உயரமானவள் எம்பித் தட்ட வேண்டும். அதுதான் என் வேலை. பயிற்சி கொடுத்த மிஸ், "உடட்ட, நங்கி, உடட்ட," என்று கத்துவார். மேலே, தங்கச்சி, மேலே என்று அர்த்தம். இருபத்து மூன்று வருடமாக எல்லோரும் என்னைக் கீழே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மிஸ்ஸுக்காக நான் எவ்வளவு உயரமும் எம்பியிருப்பேன். எம்பினேன். தட்டினேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்றுதான் கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "ஒஸ்ட்ரேலியா ஃபுட்போல் வெளையாடுறேம்மா." அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். பக்கத்து வீடு அடுத்த வீட்டுக்குச் சொன்னது. லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒரு 'வுல' சேர்ந்திருந்தது. ஒஸ்ட்ரேலியாவுல ஃபுட்போல் வெளையாடுறா. யட்டியாந்தோட்டைக் கடைத்தெரு வரைக்கும் அந்த 'வுல' நடந்தே போனது. என் உயரம் அங்குலத்தில் இருந்தவரை யாருக்கும் பிடிக்கவில்லை. விசாவில் வந்ததும் பிடித்துப்போனது.

அப்படித்தான் பெல்மதுளையிலிருந்து நிரஞ்சன் வந்தார். அப்பாவின் இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்கிறவர். ஐந்தடி நான்கு. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வரும்போது, வழக்கம்போல் நெற்றி நிலையில் இடித்தது. எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் நிலையைப் பார்த்தார்.

"கதவச் சின்னதாக் கட்டிட்டாங்க," என்றார்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பெரிது என்றார்கள். கதவைச் சின்னது என்று சொன்ன ஒரே மனிதர் அவர். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்துவிட்டது.

பிறகு இருவரையும் கொஞ்சம் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். தோட்டத்துப் பாதை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அவர் தானாகவே மேட்டுப் பக்கமாக நடந்தார். அந்தப் பாதையில் எங்கள் தோள்கள் கிட்டத்தட்ட சமமாக இருந்தன.

"எப்ப போறீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் செலெக்‌ஷன் முடியலங்க."

அது பொய்யில்லை. மெல்பேர்னில் ஒரு போட்டி நடக்க இருந்தது. அதற்கு எங்கள் அணிகளிலிருந்து இருபத்திரண்டு பேரைத் தெரிவுசெய்யப் போகிறார்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். போவது இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளைக்கு மட்டும்தான் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது விஷயத்தை நான் பாதையில் விட்டுவிட்டேன்.

"நானும் இங்கிலிஸ் கிளாஸ் போறேன். நீங்க போய்ச் சேந்தீங்கன்னா, பின்னால நான் வந்துருவேன்," என்றார்.

எட்டு மாதம் போனில் பேசினோம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுப்பேன். அவர் சாப்பிட்டீங்களா என்று கேட்பார். சாப்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எப்படியாவது அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியாகிவிட்டால் இரண்டு கிழமையாவது உண்மையாகிவிடும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேல் தட்டு எட்டுகிறவளுக்கு இது எட்டவில்லை.

தெரிவுப் போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. நிரஞ்சன் பெல்மதுளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கோட்டுக்கு வெளியே கிடந்த ஒரு சீமெந்துக் கட்டையின் மேல் ஏறி நின்றார். நான் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தத் தலை தெரிந்தது.

கடைசி ஐந்து நிமிடத்தில் றஹீமா தூரத்திலிருந்து உதைத்தாள். நான் எம்பி, பந்தைத் தலைக்கு மேலே பிடித்துவிட்டேன். அப்படி நிலத்தில் படுமுன் பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். அதன் பிறகு யாரும் நம்மைத் தொடக்கூடாது. ஆறுதலாக நின்று, பார்த்து, உதைக்கலாம். என் வாழ்க்கையில் எனக்கு ஆறுதலாக நேரம் கொடுத்த இடம் அது ஒன்றுதான். கம்பம் நேர் எதிரே இருந்தது. சின்னப் பிள்ளை கூட உதைக்கக்கூடிய தூரம்.

கிடைத்த நேரத்தில் நான் யோசித்தேன். மெல்பேர்ன் தட்டையான ஊர் என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. மேடும் பள்ளமும் இல்லாத பாதையில் இவர் எந்தப் பக்கமாக நடப்பார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே உதைத்தேன்.

பந்து உயரமான கம்பத்தில் 'டங்' என்று பட்டு வெளியே போனது. நடுவர் ஒரு விரலைக் காட்டினார். நிரஞ்சன் கட்டையின் மேல் நின்று கை தட்டினார். மைதானத்தில் அவர் ஒருவர் மட்டும்தான் தட்டினார்.

பகலில் பெயர்களை வாசித்தார்கள். றஹீமாவின் பெயர் இருந்தது. நான் இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டு, வாசித்தவர் இருமியதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். என் பெயர் இல்லை.

நான் வீட்டுக்குப் போக லீவு எடுத்திருந்ததால், அவிசாவளை வரைக்கும் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம்.

"ஒன்னு குடுத்தாங்கதானே?" என்றார்.

"அது பெழையா ஒதச்சதுக்குக் குடுத்ததுங்க."

அதோடு சேர்த்து மிச்சம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கிழமை, 'வுல', எல்லாம். உட்கார்ந்திருந்ததால் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தோம், அதனால் அவர் முகம் நேராகத் தெரிந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பி, பஸ் ஹங்வெல்ல தாண்டும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவிசாவளையில் இறங்கினோம். அங்கிருந்து எனக்கு ஒரு பஸ், அவருக்கு இரத்தினபுரி பக்கம் போகிற பஸ்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேங்க," என்றார்.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் பிறகு வந்து சொன்னதாக எங்கள் தோட்டத்தில் சரித்திரமில்லை. யட்டியாந்தோட்டை வரும் வரைக்கும் அழுதேன். உயரமான பெண் பஸ்ஸில் அழுதால் மறைந்து அழ முடியாது. சீட்டுக்கு மேலே தலை தெரியும்.

வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"பந்து வெளிய போனதுக்கும் ஒன்னு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கம்மா."

"அரைப்பேரு," என்றார் அம்மா.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். சொன்ன கிலோவுக்குப் பால் குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அம்மா தேங்காயைத் துருவி முடித்தார்.

"நல்ல வெளையாட்டுதான். மழ பேஞ்சா எங்களுக்கு அதுவும் இல்லையே," என்றார்.

இதெல்லாம் நடந்தது கொரோனாவுக்கு முந்தின வருடம். றஹீமா மெல்பேர்ன் போய், இரண்டு கிழமையில் ஒரு குளிர்ச்சட்டையோடு திரும்பி வந்தாள். நான் அதே கடையில், அதே மேல் தட்டில் இருக்கிறேன். முழங்கால் ஒன்று மக்கர் பண்ணுவதால் ஆடுவதை விட்டுவிட்டேன். ஏணியை மட்டும் இன்னும் திரும்பக் கொண்டுவரவில்லை.

நிரஞ்சன், நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் ஓர் ஆஸ்பத்திரித் தாதியைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது அவர் இருப்பது மெல்பேர்னில். ஆமாம், அதே மெல்பேர்ன்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் மேல் தட்டில் வேட்டிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. படத்தில் பெரிய மைதானம், நான்கு கம்பங்கள், ஓர் ஓரத்தில் அவர். பக்கத்தில் நின்றவர்கள் உயரமாக இருந்தார்கள். அவர் சமதரையில்தான் நின்றார்.

"வேல செய்ற எடத்துல கூட்டிட்டு வந்தாங்க. ஒன்னுமே வெளங்கலங்க. நடுவால போனா ஆறு, அது சரி. ஓரத்தால போனா ஏன் ஒன்னு குடுக்குறாங்க? இங்க யாரக் கேட்டாலும் சிரிக்கிறாங்க. நீங்கதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆட்டக்காரி."

மூன்று தடவை பதில் பதிந்தேன். முதலாவதில் கோபம் கேட்டது, அழித்தேன். இரண்டாவதில் அரைப்பேர் மாதிரி என்று சொன்னேன். இரும்புக்கடை மகனுக்கு அதையும் விளக்க வேண்டியிருக்குமே என்று அதையும் அழித்தேன். மூன்றாவதை அனுப்பினேன்.

"அது கிட்ட வந்ததுக்குக் குடுக்கிறதுங்க."

அனுப்பிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வேட்டிக் கட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் கேட்டுவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது.

கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஒற்றை விரல். அதற்கு எத்தனை புள்ளி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.