அப்துல் கையூம் வச்ச தகடு

கையூமை செவிட்டு மெக்கானிக்குன்னு சொல்றவன் எவனா இருந்தாலும் என் கடைப்பக்கம் வரவேணாம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லேத்து வச்சினு கீற கண்ணாயிரம் நான்தான். பக்கத்து ஷெட்டு அப்துல் கையூமோடது. நடுவுல ஒரு தகரத் தடுப்பு, அதுலயும் பாதி துருப்புடிச்சி உழுந்துடுச்சி. அவன் தும்முனா எனக்குக் கேக்கும், நான் திட்டுனா அவனுக்குக் கேக்கும். அவனைப் பத்தி இந்த ஊர்க்காரன் எனக்குக் கதை சொல்ல வராதீங்கய்யா.

ஆளு மதுராந்தகத்துக்காரன். லாரி ஷெட்டுல கிரீஸ் தொடைச்சி, அடி வாங்கி, புல்லட்டு எஞ்சின் கத்துக்கினு இங்க வந்து சொந்தமா ஷெட்டு போட்டான். சதுரங்கப்பட்டினத்துல பொண்ணு எடுத்தான். சைதூன்னு பேரு. ஷெட்டுக்கு மேல மாடியில வூடு. கொழந்தை இல்ல. அதனாலயோ இன்னாவோ, சைதூனோட தம்பி மாலிக்கை ரெண்டு பேரும் புள்ளையாட்டம் வச்சிருந்தாங்க. அவனும் மச்சான் மச்சான்னு கையூம் காலைச் சுத்தினே கெடப்பான்.

வண்டியை வேகமாக்கணும்னு வந்து நிக்கிறவன் எல்லாம் கையூம்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பான், "எத்தினி கம்ப்ரஷன் வைப்பீங்க?" புரியாதவங்களுக்கு சொல்றேன். பிஸ்டன் கீழ இருக்கும்போது ஏழு பங்கு எடம், மேல வந்தா ஒரு பங்கு எடம்னா, அது ஏழு. ஏழை எட்டாக்குனா இழுவை கூடும், வண்டி பறக்கும். ஆனா பெட்ரோலுக்கு அது தாங்கணும். தாங்கலன்னா நெருப்பு நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சி பிஸ்டன் மண்டையிலயே அடிக்கும். சில்லறையைத் தகர டப்பால போட்டுக் குலுக்குற மாதிரி 'சிலுக் சிலுக்'னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோட ஓட்டிக்கினே இருந்தா பிஸ்டன் உருகி, அது ஏறி எறங்குற பேரல்ல ஒட்டிக்கினு, எஞ்சின் பூட்டிக்கும், பின்சக்கரம் அப்டியே நின்னுடும். ஓட்டுறவன் கதி அவ்ளோதான்.

சோழவரம் ரேஸுக்கு வண்டி கட்டச் சொல்லி மெட்ராஸ்லருந்து பணக்காரப் பசங்க வருவாங்க. அவங்களுக்குப் பத்து கூட வச்சிக் குடுப்பான். அது ஏரோப்ளேன் பெட்ரோல் ஊத்துற வண்டி. அதே பசங்க ரோட்டுல ஓட்டுற வண்டிக்கும் பத்து கேட்டா, "ரேஸு வண்டி கொஞ்ச நேரம் ஓடுனா போதும் தம்பி. ரோட்டு வண்டி வூட்டுக்குத் திரும்பி வரணும்"பான். அதுக்கு மேல எவன் கெஞ்சினாலும் மசிய மாட்டான்.

அவன் செட் பண்ற விதமே தனி. எஞ்சினோட மேல்மூடி, அந்த ஹெட்டை என்கிட்ட குடுத்து லேத்துல மயிரிழை சீவச் சொல்வான். சீவச் சீவ மேல எடம் கொறையும், அமுக்கம் ஏறும். மாட்டி எடுத்துக்கினு திருக்கழுக்குன்றம் ரோட்டுல வல்லம் ஏத்தத்துக்குப் போவான். டாப் கியர்ல, மெதுவான வேகத்துல, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கி ஏத்துவான். சத்தம் வரலன்னா திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் சீவச் சொல்வான். எப்ப அந்தச் சில்லறைச் சத்தம் மெல்லிசா வருதோ, அங்க நிறுத்திடுவான். அப்பால பேரலுக்கு அடியில அலுமினியத் தகடு வெட்டி வைப்பான். தகடு வச்சா பேரல் ஒசரும், மேல எடம் கூடும், அமுக்கம் கொறையும், சத்தம் போயிடும். சத்தம் போன பின்னாடியும் இன்னொரு தகடு வைப்பான். "இது எதுக்குடா?"ன்னா, "இது அவன் வூட்டுக்காரிக்கு"ம்பான். கலப்படப் பெட்ரோலு, வெயிலு, பின்னாடி மூட்டை, எல்லாத்துக்கும் சேர்த்து அந்த ஒரு தகடு. அவன் கட்டுன எந்த வண்டியும் நடுரோட்டுல பூட்டிக்கினதா பேச்சே வந்ததில்ல.

எழுபத்து நாலுல மாலிக் ஒரு பழைய புல்லட்டு வாங்கினு வந்தான். எறா யாவாரம் சூடா ஓடிக்கினு இருந்த நேரம் அது. சதுரங்கப்பட்டினத்துலயும் மகாபலிபுரத்துலயும் கரைக்கு வர்ற எறாவை ஐஸ் போட்டு, கூடையில கட்டி, செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எவன் முதல்ல கொண்டாறானோ அவன் சரக்குதான் மெட்ராஸ் ஓட்டலுக்குப் போவும். பின்னால வர்றவன் சரக்கு மார்க்கெட்டுல நாறும். மாலிக்குக்குப் போட்டியா ரெண்டு பேரு. அவங்க வண்டி புதுசு. "மச்சான், எனக்கு வேகம் வேணும். நீங்க கட்டிக் குடுத்தா நான் பொழைச்சிப்பேன்"னான். மேல ஜன்னல்லருந்து சைதூனும், "பண்ணிக் குடுங்களேன்"னா. அது எனக்குக் கேட்டுச்சி. கையூமுக்குக் கேக்கல. "இன்னா முணுமுணுக்குற? சத்தமா பேசேன்டி"ன்னு எரிஞ்சி வுழுந்தான்.

ஹெட்டு என்கிட்ட வந்துச்சி. சீவிக் குடுத்தேன். கையூம் ஏத்தத்துக்குப் போயிட்டு வந்து, "இன்னும் அடிக்கல மச்சான், சீவு"ன்னான். சீவுனேன். திரும்பவும் வந்தான். அதுக்குள்ள மாலிக் வண்டியை எடுத்து ஊரைச் சுத்திட்டு வந்து, கண்ணெல்லாம் பளபளன்னு, "அண்ணாத்த, பறக்குது"ன்னு என் தோளைப் புடிச்சிக் குலுக்குறான். பெட்ரோல் வெலை ரெண்டு மடங்கு ஏறிப்போயி, கடற்கரை ரோட்டுல பொட்டிக்கடைக்காரன் மண்ணெண்ணெய் கலந்து பாட்டில்ல விக்கிற காலம். அந்தத் தண்ணிப் பெட்ரோலுக்கு எட்டரை அமுக்கம் எப்டிடா அடிக்காம இருக்கும்? எனக்கு மனசு ஒப்பல. கையூம்கிட்ட, "நானும் பின்னாடி குந்திக்கினு வர்றேன் வா"ன்னேன்.

வல்லம் ஏத்தத்துல பாதி தூரம் கூட ஏறல. என் காலுக்கு நடுவுலருந்து டப்பாவுல சில்லறையைக் கொட்டிக் குலுக்குறாப்புல சத்தம். இவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சிக்கினே, "பாத்தியா மச்சான், சுத்தமா கீது"ன்றான்.

"இன்னாடா சுத்தம்? இந்த அடி அடிக்குது!"

"எங்க அடிக்குது?"

"காது இன்னா அவிஞ்சா பூடுச்சி உனக்கு?"

கோவத்துல வந்துடுச்சி அந்த வார்த்தை. வண்டியை ஓரங்கட்டுனான். என்னை எறங்கி ஏத்தத்துல நிக்கச் சொல்லிட்டு, கீழ போயி, என்னைத் தாண்டி ஏத்துனான். அடிக்குதான்னு என் மூஞ்சைப் பாத்துக்கினே ஏத்துனான். திரும்பவும் கீழ போயி ஏத்துனான். அப்பால வண்டியை நிறுத்திட்டு கல்லு மேல குந்திக்கினான். டுப்பு டுப்புன்னு கனமான சத்தமெல்லாம் அவனுக்கு நல்லாவே கேக்கும், ஆம்பளை கொரலு கேக்கும். மெல்லிசான சத்தம் மட்டும் பூடுச்சி. சைலன்சர் இல்லாத ரேஸு வண்டிங்களுக்கு நடுவுல எத்தினி வருசம் நின்னிருப்பான்!

"எப்பலருந்துன்னே தெரியல மச்சான். சைதூன் மெதுவா பேசுறான்னு அவளைப் போயி திட்டிக்கினு கீறேன்"னு சொல்லி அழுதான். நானும் அழுதேன். இதுல இன்னா வெக்கம்?

அன்னிக்கே பேரலைக் கழட்டுனோம். "இனிமே நீதான் என் காது"ன்னான். அவன் தகடு வச்சி ஓட்டுவான், நான் பின்னாடி குந்தி கேப்பேன். ஏழுக்கு எறங்குன அப்பறம்தான் அந்தச் சத்தம் அடங்குச்சி. அதுக்கு மேலயும் ஒரு தகடு வெட்டுனான். "அவனுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆவலியே"ன்னு கிண்டல் பண்ணேன். "அவன் அக்கா கீறா இல்ல"ன்னான்.

அப்பால பண்ணான் பாரு, அந்த நல்ல மனுசன் ஒரு காரியம். மாலிக்கைக் கூப்ட்டு நிக்க வச்சி உண்மையைச் சொன்னான். "என் காது பூடுச்சி மாலிக். அதனாலதான் மொதல்ல தப்பா வச்சிட்டேன். இப்ப கண்ணாயிரம் கேட்டு, சரியா வச்சிக் குடுத்திருக்கேன். வேகம் கொஞ்சம் கொறையும், ஆனா வண்டி உன்னைக் கைவுடாது." எவன் சொல்வான் இப்டி? வாயை மூடிக்கினு குடுத்திருந்தா, மச்சான் வச்சதுன்னு கும்புட்டு ஓட்டியிருப்பான். மாலிக் மூஞ்சி தொங்கிப்போச்சு. பறந்த வண்டியை ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டானே. சரி மச்சான்னு எடுத்துக்கினு போனான். அந்த வாரமே ரெண்டு நாளு ஸ்டேஷனுக்கு அவன்தான் கடைசி.

அடுத்த வாரம் பூஞ்சேரி தாண்டி, மத்தியான வெயில்ல, எறாக் கூடையோட வந்துகினு இருந்தப்ப எஞ்சின் பூட்டிக்கிச்சி. மதகுல மோதி அங்கயே மவுத்தாயிட்டான். ரோடு முழுக்க எறா செதறிக் கெடந்துச்சாம். நான் போறதுக்குள்ள தூக்கினு வந்துட்டாங்க. சைதூன் அழுத அழுகையை நான் இங்க சொல்ல மாட்டேன்.

மையத்து அடக்கம் முடிஞ்சி, வண்டி ஷெட்டுக்கு வந்துச்சி. கையூம் ஷட்டரை எறக்கிட்டு எஞ்சினைப் பிரிச்சான், நான் பக்கத்துல நின்னேன். பிஸ்டன் நடுவுல கட்டைவெரல் போற ஓட்டை. பேரலைத் தூக்குனான். அடியில தகடே இல்ல. ஒண்ணு கூட இல்ல.

"டேய்! தகடு எங்கடா? நாம வச்ச தகடு எங்க?"ன்னு கத்துனேன். கிரீஸு கையால என் வாயைப் பொத்துனான்.

"மெதுவா. மேல அவ கீறா. இது அவளுக்குத் தெரியக்கூடாது."

"அவனே கழட்டிக்கினு செத்தான்டா! நீ இன்னா பண்ணே?"

"தம்பி தன் கையாலயே தன்னைக் கொன்னுக்கினான்னு தெரிஞ்சா அவ ஆயுசுக்கும் வெந்துபோவா மச்சான். என்மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். புருசன் மேல கோவம்தானே, ஒரு நாள் ஆறிடும்."

எங்கிட்ட சத்தியம் வாங்குனான். வெளிய வந்து, ஜனங்க முன்னாடி, "நான்தான் தப்பா வச்சிட்டேன். எனக்குக் காது கேக்கல"ன்னு சொல்லிட்டான். ஊருக்கு அது போதாதா? செவிட்டு மெக்கானிக்குன்னு பேரு வச்சானுங்க. இவன்கிட்ட வண்டி வுட்டு வளந்தவனுங்களே வேற ஷெட்டுக்குப் போனானுங்க. இப்ப சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கினு கீறான். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு லேத்துல எவனையாவது மாட்டிச் சுத்தணும் போல இருக்கும்.

சைதூன் கோவமும் ஆறல. ஒரு வருசம் ஓடிப்போச்சு, அவன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. தட்டு வைப்பா, தண்ணி வைப்பா, பூடுவா. அவன் எளைச்சி துரும்பாயிட்டான். போன மாசம் என்னால தாங்க முடியல. சத்தியமாவது மண்ணாவதுன்னு, அவன் கடைத்தெருவுக்குப் போன நேரம் பாத்து மாடி ஏறிட்டேன்.

"தங்கச்சி, உனக்கு ஒரு விசயம் தெரியாது. உன் புருசன் தப்பா ஒண்ணும் வைக்கல. தகட்டைக் கழட்டுனது மாலிக்குதான். உனக்காவ அவன் பழியை ஏத்துக்கினு கீறான்"னு கொட்டிட்டேன்.

அவ அழுவான்னு பாத்தேன். அழல. சுவத்தையே பாத்துக்கினு சொன்னா.

"தெரியும்ண்ணே. அவரு சாமான் வாங்க மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போன அன்னிக்கு, நீங்க கடையைச் சாத்திட்டுப் போன அப்பறம், கீழ ஷெட்டுலயே வச்சிக் கழட்டுனான். மச்சானுக்குக் காது போச்சுக்கா, பயந்துபோயி தகடா அடுக்கி வச்சிட்டாருன்னான். நானும் அப்டித்தான்னு நெனைச்சேன். சாவி குடுத்தது நான். ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது நான்."

"இத்த அவன்கிட்ட சொன்னா இன்னா தங்கச்சி? அவன் நொந்து சாவுறான்"னேன்.

"தெனம் சொல்றேண்ணே. அவரு முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லிடுறேன். அவரு காதுல வுழல. மூஞ்சைப் பாத்துச் சொல்லத்தான் தெம்பு இல்ல. திரும்பிட்டாருன்னா, சோறு போடவான்னு கேட்டுடுறேன். நீங்க சொல்லிடாதீங்கண்ணே. நான்தான் சொல்லணும்."

எறங்கி வந்து ஷெட்டுல குந்துனேன். கையூம் திரும்பி வந்து ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணியில அமுக்கிப் பாத்துக்கினு இருந்தான். கொஞ்ச நேரத்துல சைதூன் டீ எடுத்துக்கினு படி எறங்கி வந்தா. அவன் முதுகுக்குப் பின்னால நின்னா. ஒதடு அசைஞ்சிது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சி. அவன் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கிக்கினு கீறான். டீயைப் பக்கத்துல வச்சிட்டு அவ மாடிக்குப் பூட்டா.

என் கொரலு லேத்துச் சத்தத்துல கத்திக் கத்திக் கனமாப் போன கொரலு. அது அவனுக்கு நல்லாவே கேக்கும். வாயைத் தொறந்தேன்.

அவன் நிமுந்து பாத்து, "இன்னா மச்சான், எதுனா சொன்னியா?"ன்னான்.

"இல்லடா. டீ ஆறுது, குடி"ன்னேன்.