துடைப்பக்குச்சிப் பரீட்சை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அப்பா கொத்தனார். பெருங்களத்தூர் வயல்களில் வீடுகள் எழும்பத் தொடங்கிய காலம். எனக்கு ஒன்பது வயது. ஒரு சாயங்காலம் அவர் ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"கால்ல கீற செருப்பு போனதுகூடவா தெர்ல? தண்ணி கிண்ணி போட்டியா?" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் என்றார்கள். பெயர் சொல்லவில்லை. இப்படியே நிற்கலாம், கூடவும் செய்யலாம், போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். தூக்குக்குண்டு கட்டி நேர் பார்க்கிற மனிதருக்கு அந்தப் பதில் போதவில்லை. தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் கண்ணை மூடிக் காலை நீட்டுவார். நான் துடைப்பக்குச்சியால் ஒரு விரலைத் தொடவேண்டும். எந்த விரல் என்று சரியாகச் சொன்னால் அன்று சாரத்தில் ஏறிக் கட்டுவார். தப்பாகச் சொன்னால் ஏறமாட்டார்.

"இன்னா வாத்தியாரே, பாஸா?"

"பாஸு நைனா."

பள்ளியில் எனக்குக் கிடைக்காத மார்க்கையெல்லாம் அவருக்குப் போட்டேன்.

ஒரு நாள் சுண்டுவிரலைத் தொட்டேன். சற்று யோசித்து, "கட்டவெரலு" என்றார். அவர் முகம் வாடக்கூடாதே என்று, "பாஸு நைனா" என்றேன். ஒரு தப்புதானே என்றுதான் நினைத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று அவர் சாரத்தில் ஏறவில்லை. கீழே நின்று கலவை கலந்தார். பிறகு என்றைக்குமே ஏறவில்லை. கூலி குறைந்தது, நான் பள்ளியை விட்டேன். ஆனால் காலைப் பரீட்சை மட்டும் நிற்கவில்லை. நானும் தினமும் பாஸ் போட்டேன். பாஸ் போட்டும் ஏறாதவரைப் பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன்.

இப்போது நான் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். போன மாதம் டாக்டர் எனக்கும் அதே பதிலைச் சொன்னார். நோய்க்கு இன்னும் பெயர் இல்லை. ஆறாவது படிக்கும் மகள் கையில் குச்சியைக் கொடுத்தேன்.

இன்று காலை, "மூணாவது வெரலு" என்றேன்.

"கரெக்ட்டுப்பா!" என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அவள் தலையைத் தடவிவிட்டுப் போய், வண்டிச் சாவியை ஓனரிடம் நீட்டினேன்.

"இன்னாண்ணா, நல்லாத்தான கீற?" என்றார்.

"பிரேக்குல கால் இருக்குதான்னே தெர்ல சார்" என்றேன்.

குச்சி எந்த விரலிலும் பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். குத்துமதிப்பாகச் சொல்கிறவனுக்கு, தான் குத்துமதிப்பாகச் சொல்கிறோம் என்பது தெரியும். யார் பாஸ் போட்டாலும் தெரியும். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை.

ஐப்பசி 12, ஞாயிறு.