நீலக் கொன்ட்றோலர்

கார்ப் பந்தய கேமில் மற்றவர்கள் காருக்கு நிறம் தெரிவுசெய்துகொண்டிருக்கும்போது நிறஞ்சனா வேகத்தை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். கொன்ட்றோலரில் சுட்டுவிரல்கள் அழுத்தும் பின்விசைகளிலிருந்து அக்சிலேற்றரையும் பிறேக்கையும் எடுத்து, வலது கட்டைவிரல் அசைக்கும் குமிழுக்குக் கொடுத்துவிடுகிறாள். முன்னே தள்ளினால் ஓட்டம், பின்னே இழுத்தால் பிறேக். பிறகுதான் கதிரையில் சாய்கிறாள்.

முல்லைத்தீவில் தம்பி றொமேஸ் நடத்தும் கேம் கடையில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைக் காணலாம். மற்ற நாட்களில் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்கிறாள். கொலர் வளையும் இடத்தில் பெடலை அரைவாசிதான் மிதிக்கவேண்டும். முழுக்க மிதித்தால் தையல் கோணும். விரட்டும் மேற்பார்வையாளருக்குத் தெரிந்த ஒரே சொல் "கெதியா". கோணிய கொலருக்கு ஏச்சு வாங்குவது மட்டும் தைத்தவள்.

கடையில் நீலக் கொன்ட்றோலரை அவளைத் தவிர எவரும் தொடுவதில்லை. அதைப் பிடித்தவர்களின் கார் வளைவுதோறும் சுழன்று வேலியில் மோதியது. ராசியில்லை என்று முடிவுகட்டினார்கள். றொமேஸ் அதன் முதுகில் அந்தோனியார் படம் ஒட்டினான். அடுத்த தெரு அனோஜன் திருநீறு பூசினான். இரண்டு சமயங்கள் கூடி உழைத்தும் பின்விசைக்குள்ளே தளர்ந்த ஸ்பிறிங் இறுகவில்லை.

"ஸ்பிறிங் பழுது. மெல்லத் தொட்டாலே முழு வேகம் எடுக்குது" என்று நிறஞ்சனா சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காதில் போடவில்லை. அவளுக்கு அதில் வருத்தமுமில்லை. நீலத்துக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லையே.

போன ஞாயிறு, வவுனியாவில் நடக்கும் கேம் போட்டிக்குக் கடையிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்தார்கள். போகவேண்டுமென்று அவள் முதலே லீவு கேட்டு வைத்திருந்தாள். கடைசி ஓட்டத்தில் மிஞ்சியவர்கள் அவளும் அனோஜனும்.

"அக்கா, செற்றிங் மாத்தக்கூடாது. எல்லாருக்கும் ஒரேமாதிரி இருக்கோணும்."

"ஓம், நியாயம்தான். அப்ப நீ நீலத்தைப் பிடி. உன்ர வெள்ளையை நான் பிடிக்கிறன்."

"ஐயோ, அந்தச் சனியன் எனக்கு வேண்டாம்."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு ஓடு."

பழுதான கருவியை ஒருவர் கையில் திணித்துவிட்டு எல்லோருக்கும் ஒரே விதி என்று முழங்குவது, இந்த நாட்டில் கேம் கடையோடு முடிந்துவிடும் வழக்கமல்ல.

நேர்ப்பாதையில் அனோஜன்தான் முன்னால். கடைசி வளைவிலும் வேகத்தை விட மனமில்லாமல் அகலப் போனான். நிறஞ்சனாவின் கட்டைவிரல் கொஞ்சம் பின்னே வந்தது, பிறகு அரைவாசி முன்னே போனது. கொலர் வளைவது போல அவளது கார் உட்புறமாகத் திரும்பிக் கோட்டைத் தாண்டியது.

அனோஜன் வெள்ளையைக் கீழே வைத்தான். "நீலத்துக்கு ராசி திரும்பிட்டுது. அக்கா, ஒருக்காத் தாங்கோ."

"ஸ்பிறிங் பழுதெண்டு சொன்னனான்."

"அது உங்களுக்குத் தெரியாது அக்கா. தாங்கோ."

அவள் சிரித்தாள். செற்றிங்கைத் திறந்து, அக்சிலேற்றரையும் பிறேக்கையும் திரும்பப் பழைய பின்விசைகளுக்கே அனுப்பினாள். அந்தோனியாரில் ஒட்டியிருந்த திருநீற்றை ஊதிவிட்டு, நீலத்தை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.